அறங்காவலரும் ஆட்டக்காரரும்: நியூயார்க் யாட் கிளப்பின் 132 ஆண்டுகள்



தொடர் வெற்றி என்றதும் நமக்கு ஹாக்கிதான் நினைவுக்கு வரும். 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து 6 தங்கம், 28 ஆண்டுகள். நான் இன்று பேசப்போகும் சங்கம் ஒரு கோப்பையை 1851-இல் வென்று 1983 வரை விடாமல் வைத்திருந்தது. 132 ஆண்டுகள். இடையில் 24 முறை வெளியார் வந்து சவால் விட்டார்கள். 24 முறையும் தோற்றுத் திரும்பினார்கள். விளையாட்டு வரலாற்றில் இதற்கு நிகரான தொடர் கிடையாது. அந்தச் சங்கம் நியூயார்க் யாட் கிளப். கோப்பையின் பெயர் அமெரிக்கா கோப்பை.

இவ்வளவு நீண்ட வெற்றி எப்படிச் சாத்தியம்? நல்ல படகும் நல்ல மாலுமிகளும் என்பது ஒரு விடை. அது பாதி உண்மை. மீதிப் பாதி தண்ணீரில் நடந்ததல்ல, மேசையில் நடந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முயல்கிறேன்.

1844 ஜூலை 30. நியூயார்க் துறைமுகத்தில், மன்ஹாட்டன் தீவின் தென்முனையான பேட்டரிக்கு எதிரே, கிம்கிராக் என்ற ஸ்கூனர் நங்கூரமிட்டு நின்றது. ஸ்கூனர் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரம் கொண்ட கப்பல். அதன் உரிமையாளர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸ். அன்று அங்கே கூடியவர்கள் 9 பேர். சங்கம் தொடங்கினார்கள், ஸ்டீவன்ஸைத் தலைவராக்கினார்கள், சில நாளிலேயே நியூபோர்ட்டுக்குக் கூட்டமாகப் பாய்விரித்துப் போனார்கள். அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. பணமும் படகும் இருந்தன, ஆகஸ்ட் மாதம் வந்துகொண்டிருந்தது.

ஸ்டீவன்ஸ் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். தந்தை நீராவிக் கப்பலிலும் ரயிலிலும் முன்னோடி. தம்பி ராபர்ட் தண்டவாளத்துக்கு இன்றும் நாம் பார்க்கிற வடிவத்தைத் தந்தவர். இன்னொரு தம்பி எட்வின், தன் சொத்தில் ஒரு பொறியியல் கல்லூரி அமைய வேண்டும் என்று உயில் எழுதியவர். அண்ணன் ஜானுக்குக் குதிரைப் பந்தயத்திலும் படகுப் பந்தயத்திலும் பந்தயப் பணத்திலும் ஆசை. சங்கத்தின் முதல் கட்டடம் 1845-இல் ஆற்றுக்கு அக்கரையில், ஹோபோக்கனில், இந்தக் குடும்பத்தின் நிலத்தில்தான் எழுந்தது. முதல் ரெகாட்டாவும், அதாவது படகுப் பந்தயமும், அதே ஆண்டு ஜூலையில்.

1851-இல் லண்டனில் உலகப் பெருங்கண்காட்சி. அமெரிக்கக் கப்பல் கட்டும் திறமையைக் காட்ட ஒரு படகை அனுப்பலாமே என்று யோசனை வந்தது. ஸ்டீவன்ஸும் கூட்டாளிகளும் ஜார்ஜ் ஸ்டீயர்ஸ் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் போனார்கள். வில்லியம் பிரவுனின் கட்டுமானத் தளத்தில் கட்டச் சொன்னார்கள். பேசிய விலை 30,000 டாலர். ஆனால் படகு எதிர்பார்த்த வேகம் போகாவிட்டால் வாங்க மாட்டோம் என்ற நிபந்தனை. வெள்ளோட்டத்தில் ஸ்டீவன்ஸின் சொந்தப் படகான மரியாவிடமே அது தோற்றது. கடைசியில் 20,000 டாலருக்குக் கை மாறியது. அந்தப் படகின் பெயர் அமெரிக்கா. கோப்பைக்குப் பெயர் வந்தது இந்தப் படகிலிருந்துதான், நாட்டிலிருந்து அல்ல.

அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்தின் தென்கரையில் கௌஸ் நகரை நெருங்கியபோது, லாவராக் என்ற ஆங்கிலப் படகு வரவேற்க வருவதுபோல வந்து பக்கத்தில் ஓடியது. எதிராளியின் வேகத்தை அளந்து பார்க்கும் தந்திரம். ஸ்டீவன்ஸ் வேகத்தை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, சட்டென்று முந்திக் காட்டிவிட்டார். விளைவு, பெருந்தொகைக்குப் பந்தயம் கட்ட யாரும் முன்வரவில்லை. சூதாட்டக்காரராக இது அவருக்குப் பெரிய நஷ்டம். சில வாரம் காத்திருந்த பிறகு, ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற ஆங்கிலச் சங்கம் நடத்திய, வைட் தீவைச் சுற்றும் பந்தயத்தில் கலந்துகொள்வது ஒன்றே மிச்சமிருந்தது.

ஆகஸ்ட் 22. 53 மைல் சுற்று. 14 ஆங்கிலப் படகுகளோடு அமெரிக்காவும் புறப்பட்டது. ஆங்கிலப் படகுகளின் பாய்கள் ஆளிநார்த் துணி; காற்றில் பை போல உப்பும். அமெரிக்காவின் பாய்கள் இயந்திரத்தில் நெய்த இறுக்கமான பருத்தித் துணி. பலகை போலத் தட்டையாக நிற்கும். எதிர்க்காற்றில் இது பெரிய வித்தியாசம். கிழக்கே நாப் கலங்கரைக் கப்பலின் வெளிப்புறமாகச் சுற்றுவது வழக்கம். அமெரிக்கா உட்புறமாகப் போய்ப் பாதையைச் சுருக்கிக்கொண்டது. கையில் இருந்த அறிவிப்பில் அந்த நிபந்தனை இல்லை என்பது அவர்கள் பதில். ஆட்சேபம் எழுந்து, பிறகு கைவிடப்பட்டது. படகின் அளவுக்கு ஏற்ப நேரச் சலுகை கொடுப்பதும் அன்றைய பந்தயத்தில் இல்லை. இருந்திருந்தால் இரண்டாவதாக வந்த சின்னஞ்சிறு அரோரா மிக நெருங்கியிருக்கும். விக்டோரியா அரசி இரண்டாவது யார் என்று கேட்டதாகவும், இரண்டாவது என்று எதுவுமில்லை என்று பதில் கிடைத்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. அழகான கதை. ஆனால் அரோரா சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. கோப்பையின் பிறப்பிலேயே விதி பற்றிய வாக்குவாதம் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வென்ற கோப்பை வெள்ளியில் செய்த அலங்காரக் கூசா. அடியே இல்லாதது, ஊற்றிக் குடிக்க முடியாது. வென்ற படகை ஸ்டீவன்ஸ் கூட்டாளிகள் சில நாளிலேயே ஒரு பிரபுவுக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். உணர்ச்சிவசப்படாத மனிதர்கள். கோப்பை சில ஆண்டு வீடுவீடாகச் சுற்றியது. 1857 ஜூலையில் அதை நியூயார்க் யாட் கிளப்புக்கு ஒரு தானப் பத்திரத்தோடு ஒப்படைத்தார்கள். நாடுகளுக்கிடையே நட்பான போட்டிக்கான நிரந்தரச் சவால் கோப்பை இது என்றது பத்திரம்.

இங்கேதான் சிக்கல். பத்திரப்படி சங்கம் கோப்பையின் அறங்காவலர். ஆனால் சவால் வந்தால் எதிர்த்து ஓடப்போவதும் அதே சங்கம்தான். விதிக்குப் பொருள் சொல்பவரும் விளையாடுபவரும் ஒருவரே. கோயில் தர்மகர்த்தாவே ஏலத்தை நடத்தி, தானே ஏலமும் கேட்பதுபோல.

முதல் சவால் 1870-இல் வந்தது. ஜேம்ஸ் ஆஷ்பரி என்ற ஆங்கிலேயர், காம்ப்ரியா என்ற படகு. ஒன்றுக்கு ஒன்று ஓடலாம் என்று வந்தார். சங்கம் சொன்னது: 1851-இல் எங்கள் படகு உங்கள் கூட்டம் முழுவதையும் எதிர்த்து ஓடியது, நீங்களும் அப்படியே ஓடுங்கள். தன் ஸ்கூனர்கள் அத்தனையையும் இறக்கியது. மாஜிக் என்ற படகு வென்றது. அமெரிக்கக் கடற்படை வசம் வந்து சேர்ந்திருந்த பழைய அமெரிக்கா நான்காவது. காம்ப்ரியா பத்தாவது. ஆஷ்பரி அடுத்த ஆண்டு லிவோனியாவோடு மீண்டும் வந்தார், வழக்கறிஞர்களின் கருத்துரைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. சங்கம் இறங்கி வந்தது: சரி, ஒன்றுக்கு ஒன்று. ஆனால் 4 படகுகளைத் தயாராக வைத்திருந்து, அன்றன்று காலையில் காற்றைப் பார்த்துத் தனக்கு ஏற்றதை இறக்கிக்கொண்டது! ஆஷ்பரி கோபத்தோடு ஊர் திரும்பினார். அவர் சங்கத்துக்கு முன்பு அன்பளிப்பாகக் கொடுத்த கோப்பைகளைச் சங்கம் திருப்பி அனுப்பிவிட்டது. நட்பான போட்டி.

இந்தச் சங்கத்துக்காரர்கள் மேசையில் மட்டும் வீரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1866 டிசம்பரில், கடல் கொந்தளிக்கும் குளிர்காலத்தில், 3 ஸ்கூனர்கள் ஆளுக்கு 30,000 டாலர் பந்தயம் கட்டி அட்லாண்டிக்கைக் கடந்தன. பத்திரிகை அதிபரின் மகன் ஜேம்ஸ் கார்டன் பென்னட், தன் ஹென்ரியெட்டாவில் தானே ஏறிப் போனார். கிறிஸ்துமஸ் அன்று வைட் தீவை முதலில் அடைந்தார். ஃப்ளீட்விங் படகில் அலை வாரிக்கொண்டு போன 6 மாலுமிகள் திரும்பவில்லை. பந்தயம் கட்டியவர்களின் பெயர்கள் எல்லா நூல்களிலும் இருக்கின்றன. அந்த ஆறு பேர் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள்.

1881-ஆம் ஆண்டுச் சவால் நகைச்சுவையானது. கனடாவின் அட்டலாண்டா என்ற படகு, பணமில்லாமல் அரைகுறையாகக் கட்டப்பட்டு, ஏரியிலிருந்து ஈரி கால்வாய் வழியாக நியூயார்க் வந்தது. கோவேறு கழுதைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தன. மடைவாயிலில் நுழைய அகலம் போதாததால் படகை ஒருபக்கமாகச் சாய்த்து நுழைத்தார்கள். மிஷிஃப் என்ற படகிடம் படுதோல்வி. சங்கத்துக்கு இது அவமானமாகப் பட்டது. பத்திரத்தைத் திருத்தி எழுதச் செய்தது. இனி சவால் விடும் சங்கம் கடலில் பந்தயம் நடத்துவதாக இருக்க வேண்டும். சவால் படகு தன் சொந்தப் பாயில் கடலில் வந்து சேர வேண்டும். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. விளைவைப் பாருங்கள். சவால் படகு பெருங்கடலைத் தாங்கும் அளவுக்குக் கனமாகக் கட்டப்பட வேண்டும். காக்கும் படகு கரையோரத்தில் ஓடினால் போதும், முடிந்தவரை இலேசாகக் கட்டலாம். 1887-இல் பத்திரம் மறுபடியும் திருத்தப்பட்டது. சவால் விடுபவர் 10 மாதம் முன்பே தன் படகின் முக்கிய அளவுகளைத் தர வேண்டும் என்றது அது. எதிராளியின் அளவு தெரிந்த பிறகு படகு கட்டலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனாலும் விதி மட்டும் படகை ஓட்டாது. இந்தக் காலத்தில் சங்கத்துக்குக் கிடைத்த மூளைகளைச் சொல்ல வேண்டும். பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் பர்ஜஸ் 1885, 86, 87 என அடுத்தடுத்து மூன்று வெற்றிப் படகுகளை வடிவமைத்தார். அவருக்குப் பின் நதானியல் ஹெரஷாஃப். 1893 முதல் 1920 வரை கோப்பையைக் காத்த படகுகள் எல்லாம் இவருடையவை. 1903-இல் அவர் கட்டிய ரிலையன்ஸ் முனையிலிருந்து முனைவரை 201 அடி. பாய்ப்பரப்பு 16,000 சதுர அடிக்கும் மேல். ஒற்றைப் பாய்மரத்தில் அவ்வளவு துணி! ஒரே பருவத்துக்கென்று கட்டிய படகு. பத்தாண்டில் உடைத்து விற்றுவிட்டார்கள். அதைச் செலுத்தியவர் சார்லி பார், ஸ்காட்லாந்தில் பிறந்த கூலித் தலைவன். 1899, 1901, 1903 மூன்றையும் வென்றவர். படகு கோடீசுவரர்களுடையது, சுக்கான் கூலிக்காரனுடையது. அந்தக் காலத்தின் ஏற்பாடு அது.

1895-இல் டன்ரேவன் பிரபு வந்தார். டிஃபெண்டர் என்ற சங்கப் படகு அளவெடுத்த பிறகு இரவோடு இரவாக எடை ஏற்றப்பட்டு, சில அங்குலம் ஆழ அமிழ்ந்திருந்தது என்பது அவர் குற்றச்சாட்டு. இரண்டாம் பந்தயத்தில் மோதல், அவர் படகு தகுதிநீக்கம். மூன்றாவதில் தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் திரும்பிப் போய்விட்டார். சங்கம் விசாரணைக் குழு அமைத்தது. வங்கியாளர் ஜே. பி. மார்கனும், கடற்படை வரலாற்றாசிரியர் மஹனும் அதில் இருந்தார்கள். குற்றச்சாட்டு பொய் என்று தீர்ப்பு. டன்ரேவனின் கௌரவ உறுப்பினர் தகுதி பறிக்கப்பட்டது. ஆதாரங்களைப் படித்தால் இந்த முறை சங்கத்தின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணைக் குழுவை அமைத்தால், நிரபராதி என்ற தீர்ப்புக்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது.

மார்கன் இன்னொன்றும் செய்தார். மன்ஹாட்டன் 44-ஆம் தெருவில் நிலம் வாங்கிக் கொடுத்தார். 1901-இல் அங்கே எழுந்த கட்டடத்தின் சாளரங்கள் பழங்காலக் கப்பலின் பின்புறம்போல் தெருப்பக்கம் பிதுங்கி நிற்கும். உள்ளே ஒரு கூடம் முழுக்கப் படகு மாதிரிகள். கோப்பையை ஒரு மேசையில் வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். கோப்பையை இழக்கும் தலைவனின் தலை அந்த இடத்தில் வைக்கப்படும் என்று உறுப்பினர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

இனி தாமஸ் லிப்டன். நம்மோடு தொடர்புள்ள மனிதர் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து மளிகைக் கடைகளால் முன்னேறியவர். 1890-இல் இலங்கை போய், காபிப் பயிர் நோயில் அழிந்து விலை சரிந்திருந்த தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளை அருகே தம்பேதென்ன தோட்டம் அவருடையது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன நம் மக்கள். லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள். அந்தத் தேயிலைதான் லிப்டனை உலகப் பெயராக்கியது. அந்தப் பெயரை மேலும் பரப்ப அவர் தேர்ந்தெடுத்த மேடை அமெரிக்கா கோப்பை. 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை ஷாம்ராக் என்ற பெயரிலேயே படகு கட்டி வந்தார். ஐந்து முறையும் தோற்றார். 1901-இன் கடைசிப் பந்தயத்தில் அவர் படகு 2 விநாடி முன்னால் கோட்டைத் தாண்டியும், நேரச் சலுகைக் கணக்கில் 41 விநாடியில் தோற்றது. 1920-இல் முதல் இரண்டையும் வென்று, அடுத்த மூன்றையும் இழந்தார். சிரித்துக்கொண்டே தோற்றார், ஒரு புகாரும் சொல்லவில்லை. அமெரிக்க மக்கள் 1930-இல் பணம் திரட்டி அவருக்கு ஒரு தங்கக் கோப்பையே கொடுத்தார்கள். மளிகைக்காரர் என்று ஒதுக்கி வைத்திருந்த ராயல் யாட் ஸ்குவாட்ரன், 1931-இல் அவர் சாவதற்குச் சற்று முன்புதான் உறுப்பினராக்கியது. நல்ல தோல்வியாளர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. அந்தத் தோல்விகளுக்கெல்லாம் செலவுக்கணக்கு எழுதப்பட்ட மலைச்சரிவில் இருந்தவர்களுக்கு அந்தப் படகுகளின் பெயர்கூடத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

1930-களில் பந்தயம் நியூபோர்ட்டுக்கு மாறியது. மூன்று முறையும் சங்கத்துக்காகச் சுக்கான் பிடித்தவர் ஹரால்ட் வாண்டர்பில்ட். சீட்டாட்டத்தில் கான்ட்ராக்ட் பிரிட்ஜை உருவாக்கியவரும் இவரே. 1934-இல் விமானம் கட்டும் சோப்வித் கொண்டுவந்த எண்டவர்தான் வேகமான படகு. ஆனால் புறப்படும் முன்பே கூலி கேட்டு அவருடைய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அனுபவம் குறைந்தவர்களோடு வந்தார். 2-0 என முன்னிலை பெற்று, 4-2 எனத் தோற்றார். நடுவில் அவர் கொடுத்த ஆட்சேபத்தை, கொடியை உடனே ஏற்றவில்லை என்று சொல்லிக் குழு கேட்கவே மறுத்தது. என்னைக் கேட்டால், சங்கத்தின் வரலாற்றில் மிக வெட்கப்பட வேண்டிய நிமிடம் அதுதான்.

1937-இல் ரேஞ்சர். இளைஞர் ஓலின் ஸ்டீபன்ஸும், எட்வர்ட் பர்ஜஸின் மகன் ஸ்டார்லிங்கும் சேர்ந்து வடிவமைத்தது. சிறு மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்துப் படகின் வடிவத்தைத் தேர்ந்தார்கள். அந்தத் தொட்டி எங்கே இருந்தது தெரியுமா? ஹோபோக்கனில், ஸ்டீவன்ஸ் கல்லூரியில். 1851-இல் அமெரிக்கா படகின் பங்குதாரராக இருந்த அதே எட்வின் ஸ்டீவன்ஸின் உயிலால் எழுந்த கல்லூரி.

போருக்குப் பின் படகுகள் சிறுத்தன. 1958 முதல் 12 மீட்டர் வகை. கடல் கடந்து தானே வர வேண்டும் என்ற விதியும் நீங்கியது. 1962-இல் ஆஸ்திரேலியாவின் கிரெட்டல் ஒரு பந்தயத்தை வென்று அதிர்ச்சி தந்தது. அவர்கள் அந்த ஹோபோக்கன் தொட்டியில் சோதிக்கவும் அமெரிக்கப் பாய்த்துணி வாங்கவும் சங்கமே அனுமதித்திருந்தது. உடனே விதி இறுகியது: சவால் படகின் வடிவமும் சாதனங்களும் சொந்த நாட்டிலேயே உருவாக வேண்டும். தொட்டிக் கதவு மூடிக்கொண்டது. இந்தக் காலத்தின் வெற்றிப் படகுகளில் பெரும்பாலானவை ஓலின் ஸ்டீபன்ஸின் கைவண்ணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1983. பெர்த் நகரின் சங்கம் அனுப்பிய ஆஸ்திரேலியா 2. பணம் ஆலன் பாண்டுடையது, சுக்கான் ஜான் பெர்ட்ராண்டுடையது. பாண்ட் ஏற்கெனவே மூன்று முறை தோற்றவர். இந்தப் படகின் அடிக்கட்டை, அதாவது கீல், திரைபோட்டு மறைக்கப்பட்டிருந்தது. அதன் இருபுறமும் சிறகு. வடிவமைத்தவர் பென் லெக்சன். சோதனை நடந்தது நெதர்லாந்தின் நீர்த்தொட்டியில். சங்கம் தன் பழைய ஆயுதத்தை எடுத்தது: இது டச்சுக்காரர் மூளையா, ஆஸ்திரேலியர் மூளையா? சிறகு அளவு விதிக்குள் அடங்குமா? வாரக்கணக்கில் வாதிட்டும் ஆட்சேபம் நிற்கவில்லை. பந்தயத்துக்கு முன்பே கைவிட வேண்டியதாயிற்று.

மேசை கைகொடுக்காததால் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். டென்னிஸ் கானர் செலுத்திய லிபர்ட்டி வேகம் குறைந்த படகு. அதைக் கொண்டே 3-1 என முன்னேறினார். கானரின் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிறகு 3-2, 3-3. கோப்பை வரலாற்றில் ஏழாவது பந்தயம் அதுவரை நடந்ததே இல்லை. செப்டம்பர் 26. நான்காம் குறியில் கானர் 57 விநாடி முன்னால். ஐந்தாம் கட்டம், காற்றுப் பின்னாலிருந்து வீச ஓட வேண்டியது. பெர்ட்ராண்ட் நல்ல காற்றைத் தேடிப் பிடித்து முந்தினார். கடைசிக் கட்டத்தில் கானர் திரும்பத் திரும்பப் பாய் மாற்றி எதிராளியை இழுக்கப் பார்த்தார், பெர்ட்ராண்ட் அசரவில்லை. 41 விநாடி. ஆம், 1901-இல் லிப்டனைத் தோற்கடித்த அதே 41.

அன்று வேலைக்கு வராதவரை முதலாளிகள் தண்டிக்கக் கூடாது என்ற பொருளில் ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் தொலைக்காட்சியில் சிரித்தபடி சொன்னது இன்றும் அந்நாட்டில் பேசப்படுகிறது. மன்ஹாட்டனில் திருகாணியைக் கழற்றினார்கள். கானரின் தலையை யாரும் கேட்கவில்லை. 1987-இல் அவர் கோப்பையை மீட்டார், ஆனால் சான் டியாகோ சங்கத்துக்காக.

நியூயார்க் சங்கம் அதன் பிறகு கோப்பையை வென்றதில்லை. 1987-இல் அதன் படகு அரையிறுதியைக்கூட எட்டவில்லை. 1999-இல் ஆக்லாந்தில் அதன் படகான யங் அமெரிக்கா நடுவே மடிந்து உடைந்தது. 2021 ஜனவரியில், அதே ஆக்லாந்தில், நீருக்கு மேல் எழும்பிப் பறக்கும் புதிய வகைப் படகான பேட்ரியட் கவிழ்ந்து துளை விழுந்தது. அதை மூழ்காமல் தாங்கிப் பிடித்தவர்களில் எதிரணிகளின் ஆட்களும் இருந்தார்கள். பழுதுபார்த்துச் சில நாளில் மீண்டும் இறக்கி, இத்தாலியின் லூனா ரோசாவிடம் 4-0 என்று தோற்றார்கள். 2024-இல் பார்சிலோனாவிலும் அரையிறுதியில் அதே லூனா ரோசாவிடம் தோல்வி.

ஆனால் இவற்றை ஒட்டுமொத்தச் சரிவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2009 முதல் சங்கம் நியூபோர்ட்டில் உலகச் சங்கங்களின் தொழில்முறை அல்லாத அணிகளை அழைத்து ஒரு பந்தயம் நடத்துகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு. மேசை வாதத்துக்கு இடம் குறைவு. கோப்பையோ இன்னும் அதே 1887-ஆம் ஆண்டுப் பத்திரத்தின்படிதான் நடக்கிறது. வென்றவர் அறங்காவலராகி அடுத்த போட்டியின் விதிகளில் கை வைக்கிறார். தோற்றவர்கள் புகார் சொல்கிறார்கள். நியூயார்க்காரர்கள் இப்போது புகார் சொல்லும் வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

சிறகுக் கீல் எப்படி வேலை செய்கிறது என்று முன்வரிசையில் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதற்குக் கரும்பலகை வேண்டும். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்; வந்ததும் வரைந்து காட்டுகிறேன்.